விக்டோரியா அருவி

ஆப்பிரிக்காவின் தென்பகுதியில், சாம்பியாவுக்கும் ஜிம்பாப்வேக்கும் எல்லையாக ஓடும் சாம்பெசி ஆற்றின் அருவி. அகலம் சுமார் 1,708 மீட்டர். உயரம் 108 மீட்டர். 1989 முதல் யுனெஸ்கோ உலக மரபுக் களம். வெள்ளம் உச்சம் தொடும் ஏப்ரல் வாக்கில்தான் இதைப் பார்க்க வேண்டும் என்று பலர் பரிந்துரைப்பது பாதிதான் சரி. ஆறு இங்கே ஒடுங்கிய பிளவுக்குள் விழுகிறது. பார்ப்பவர்கள் நிற்பதோ அதற்கு நேரெதிர் விளிம்பில். நீர் பெருகும்போது கிளம்பும் சாரல் அருவியையே மறைத்துவிடும். மழைக்கோட்டு போட்டவரும் தொப்பலாக நனைவார். காணக் கிடைப்பது வெண்புகை மட்டுமே. அக்டோபர், நவம்பரில் நீர் குறைந்ததும் கரிய பசால்ட் பாறைச் சுவர் உச்சியிலிருந்து அடிவரை தெரியும். 1855 நவம்பரில் ஆய்வுப்பயணி டேவிட் லிவிங்ஸ்டன் விளிம்பிலுள்ள தீவுக்கே படகில் போய் எட்டிப்பார்த்ததும் ஆறு தணிந்திருந்த இந்தப் பருவத்தில்தான்.

வெறும் பாறையைப் பார்க்கவா இவ்வளவு தூரம் போவது என்று கேட்கலாம். சாம்பியக் கரையைப் பொறுத்தவரை அது நியாயமான கேள்வி. கிழக்குப் பகுதி அப்போது பெரும்பாலும் வறண்டுவிடும். ஆனால் ஜிம்பாப்வேக் கரைக்கு எதிரே, படுகை தாழ்ந்திருக்கும் மேற்குப் பகுதியில், ஆண்டு முழுதும் நீர் விழுகிறது. 1905இல் கட்டிமுடித்த பாலத்தைக் கடந்தால் மறுகரை. விசாச் செலவு வேறு கணக்கு. நீரும் வேண்டும், காட்சியும் வேண்டும் என்பவருக்கு ஜூலை, ஆகஸ்ட் பொருந்தும். விடுதிக் கட்டணம் ஏறுவதும் அப்போதுதான்.