முந்திய செய்தியும் முடிந்த கணக்கும்

குடியாட்சிக்குத் தேர்தலே உயிர்நாடி என்பது யாவரும் அறிந்ததே. ஆனால் வாக்களித்த மக்கள் தம் தீர்ப்பை எவர் வாயிலாக அறிந்துகொள்கின்றனர் என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. வாக்குப் பதிவு முடிவதற்கும் அரசு முடிவை அறிவிப்பதற்கும் இடையே ஒரு காலம் கழிகிறது. அக்காலத்தில் பத்திரிகைகளும் வானொலியும் தாமே வாக்குகளைத் திரட்டிக் கூட்டிச் சொல்லத் தொடங்கிய வரலாறு சுவையானது. சில இடங்களில் அச்சமூட்டுவதும் ஆகும். அதனை இங்குச் சுருக்கமாக நோக்குவோம்.

இவ்வழக்கம் வேரூன்றிய நாடு அமெரிக்க ஐக்கிய நாடுகள். அங்கு முற்காலத்தில் ஒவ்வொரு மாநிலமும் வெவ்வேறு நாளில் குடியரசுத் தலைவர் தேர்தலை நடத்திற்று. 1845-ஆம் ஆண்டுச் சட்டம், நவம்பர் மாத முதல் திங்கட்கிழமைக்கு அடுத்த செவ்வாய்க்கிழமையே நாடு முழுமைக்கும் தேர்தல் நாள் என வரையறுத்தது. அதன்படி நடைபெற்ற முதல் தேர்தல் 1848 நவம்பர் 7-ஆம் நாள் நிகழ்ந்தது. அதற்கு இரண்டாண்டுகள் முன்னரே, 1846-இல், நியூயார்க் நகரப் பத்திரிகைகள் சில, செலவைப் பகிர்ந்துகொண்டு செய்தி திரட்டுவதற்காக அசோசியேட்டட் பிரஸ் என்னும் கூட்டமைப்பை நிறுவியிருந்தன. தந்திக் கம்பியும் அப்போது ஊர் ஊராக நீண்டுகொண்டிருந்தது. ஆகவே பல ஊர்களில் எண்ணிய வாக்குகளைத் தந்தி வழியே பெற்றுக் கூட்டி, ஜகாரி டெய்லர் வென்றார் என்னும் செய்தியை அந்நிறுவனம் நாட்டுக்கு அளித்தது. அன்று தொடங்கிய பணி இன்றளவும் நடந்து வருகிறது.

அரசே உடனுக்குடன் அறிவிக்கலாகாதா என்று அன்பர்கள் கேட்கலாம். அமெரிக்காவில் நம் தேர்தல் ஆணையம் போன்று நாடு முழுவதற்கும் வாக்கெண்ணி அறிவிக்கும் மத்திய அமைப்பு இல்லை. மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. எண்ணும் முறையும் வேறு. அஞ்சல் வாக்குகளைச் சரிபார்த்து, மாவட்டக் கணக்குகளை ஒப்புநோக்கி, மாநிலம் சான்றளிக்க வாரங்கள் செல்லும். டிசம்பரில் வாக்காளர் குழுவினர் கூடி வாக்களிப்பர். ஜனவரியில்தான் காங்கிரஸ் சபை அவற்றை எண்ணி முடிவு கூறும். 1876-ஆம் ஆண்டுத் தேர்தலின் முடிவோ, பெரும் பூசலுக்குப் பின் 1877 மார்ச் 2-ஆம் நாள்தான் உறுதியாயிற்று. புதிய தலைவர் பதவியேற்க அப்போது ஓரிரு நாட்களே எஞ்சியிருந்தன.

ரயில்வே சரக்கு அலுவலகத்தில் பணிபுரிவோர்க்கு இந்த வேறுபாடு எளிதில் விளங்கும். சரக்கு வந்து சேர்ந்தது என்ற செய்தி முன்னதாகவே கிடைத்துவிடும். எனினும் ரசீதைக் கண்ட பின்னரே சரக்கை ஒப்படைப்பது வழக்கம். செய்தி பொய்யன்று, ஆனால் செய்தி ரசீதாகாது.

இதனை மறந்தவர் நாணமுற நேர்ந்ததுண்டு. 1948-இல் சிகாகோ டிரிபியூன் பத்திரிகை, அச்சுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் காரணமாக வழக்கத்தினும் முன்னதாகவே இதழை முடிக்க வேண்டியிருந்தது. எண்ணிக்கை முடியுமுன், ட்ரூமனை டூயி தோற்கடித்தார் என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டு வெளியிட்டது. உண்மையில் வென்றவர் ட்ரூமன். அவர் பெற்ற வாக்காளர் குழு வாக்குகள் 303, டூயி பெற்றவை 189. வாஷிங்டனுக்கு ரயிலில் திரும்பும் வழியில், செயின்ட் லூயிஸ் நிலையத்தில் அவர் அவ்விதழைத் தூக்கிப் பிடித்துச் சிரித்த புகைப்படம் உலகப் புகழ் பெற்றது.

2000-ஆம் ஆண்டில் நேர்ந்தது சிரிப்புக்குரியதன்று. பிளாரிடா மாநிலத்தைத் தொலைக்காட்சி நிறுவனங்கள் முதலில் கோருக்கு அளித்தன. பின்னர் திரும்பப் பெற்றன. நள்ளிரவுக்குப் பின் புஷ்ஷுக்கு அளித்தன. அதனையும் திரும்பப் பெற்றன. அந்நிறுவனங்கள் ஒரே பொது அமைப்பின் கணக்கை நம்பியிருந்தமையால், ஒருவர் பிழை அனைவர் பிழையும் ஆயிற்று. அசோசியேட்டட் பிரஸ் அவ்விரவில் புஷ்ஷுக்கு வெற்றி கூறாமல் நின்றது. இறுதியில் வேறுபாடு வெறும் 537 வாக்குகள். டிசம்பர் 12-ஆம் நாள் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால்தான் வழக்கு ஓய்ந்தது.

அப்படியாயின், அரசுக் கணக்கு வரும் வரை வாய்மூடி இருத்தலே நன்றோ? பிலிப்பைன்ஸ் நாட்டு வரலாறு அன்று என்கிறது. 1986 பிப்ரவரி 7-ஆம் நாள் அங்கு மார்கோஸுக்கும் கொரசோன் அக்கினோவுக்கும் போட்டி நடந்தது. நாம்பிரெல் என்னும் குடிமக்கள் இயக்கத்தின் தொண்டர்கள், சாவடிதோறும் முடிவுத் தாளின் நகலைப் பெற்று, விரைவுக் கணக்கு ஒன்றை நடத்தினர். அரசுத் தேர்தல் ஆணையமும் தன் கணக்கை வெளியிட்டு வந்தது. இரண்டும் முரண்பட்டன. பிப்ரவரி 9-ஆம் நாள் இரவு, ஆணையத்தின் கணிப்பொறிப் பணியாளர் முப்பதுக்கும் மேற்பட்டோர், தாங்கள் பதிந்த எண்ணுக்கும் பலகையில் காட்டப்படும் எண்ணுக்கும் பொருத்தமில்லை என்று கூறி வேலையை விட்டு வெளியேறினர். அவர்களும் நம்மைப் போன்ற கணக்கர்களே! அதிகாரத்தை எதிர்த்து எழுந்த அந்தத் துணிவை எண்ணுந்தோறும் உள்ளம் சிலிர்க்கிறது.

மார்கோஸுக்கு 1 கோடியே 8 லட்சம், அக்கினோவுக்கு 92 லட்சத்துச் சொச்சம் என்றது ஆணையக் கணக்கு. நாம்பிரெல் கணக்கோ அக்கினோவுக்கு ஏறத்தாழ 78 லட்சம், மார்கோஸுக்கு 70 லட்சம் என்றது. அது எல்லாச் சாவடிகளையும் எட்டியிருக்கவில்லை. பிப்ரவரி 15-ஆம் நாள் சட்டமன்றம் மார்கோஸே வென்றார் என அறிவித்தது. மக்கள் ஏற்கவில்லை. மணிலா வீதிகளில் பெருந்திரளாகக் கூடினர். 25-ஆம் நாள் மார்கோஸ் நாட்டை விட்டு வெளியேறினார்.

நம் நாட்டில் 1951 அக்டோபர் முதல் 1952 பிப்ரவரி வரை நடந்த முதற் பொதுத்தேர்தலிலிருந்து, வெற்றியை முறைப்படி அறிவிக்கும் பொறுப்பு தேர்தல் அதிகாரிக்கே உரியது. பத்திரிகையும் வானொலியும் அவர் கூறியதை மக்களிடம் கொண்டு சேர்க்கின்றன. இறுதிக் கட்ட வாக்குப் பதிவு முடியும் வரை, வாக்களித்தவரிடம் கேட்டறிந்த கணிப்பை வெளியிடவும் சட்டம் தடை செய்கிறது. எனினும் இங்கும் காவல் உண்டு. சாவடியில் பதிவான வாக்குகளின் தொகையை 17சி என்னும் படிவத்தில் எழுதி, வேட்பாளரின் முகவர்களுக்கு நகல் தருவது விதி. எண்ணும் மேசையில் அந்தத் தாள்தான் பேசும்.

ஆகவே, விரைவுக் கணக்கு நீதிபதியன்று, காவற்காரன். எந்த எண்ணைக் கேட்டாலும், எத்தனை சாவடிகள் எண்ணப்பட்டன, எவர் கையெழுத்திட்ட தாளிலிருந்து எடுத்தது என்று வினவுவோமாக. அவ்விரு வினாக்களுக்கும் விடை தரும் கணக்கையே, அது அரசுடையதாயினும் பத்திரிகையுடையதாயினும், நம்புதல் நம் கடன்.