மலையகத் தோட்டங்களும் கொளுக்கிப்புழு மருந்துச் சோதனையும்

மருந்தொன்றின் வரலாறு அதனைக் கண்டறிந்தோரின் வரலாறாகவே பெரும்பாலும் எழுதப்படுகின்றது. அதனை உட்கொண்டோரின் வரலாறு எழுதப்படுவது அரிது. இலங்கைத் தோட்டத் தொழிலாளரிடையே கொளுக்கிப்புழு நோயை ஒழிக்க 1916 இல் தொடங்கப்பட்ட இயக்கத்தை நோக்குமிடத்து இவ்வுண்மை தெளிவாகும்.

கொளுக்கிப்புழு சிறுகுடற் சுவரைப் பற்றிநின்று இரத்தத்தை உறிஞ்சுவது. மலத்துடன் வெளியேறும் அதன் முட்டைகள் ஈரமும் நிழலும் வெம்மையும் உள்ள மண்ணிற் குடம்பிகளாகி, வெறுங்காலின் தோலைத் துளைத்து மீண்டும் மனித உடலினுட் புகுகின்றன. மலசலகூட வசதியற்ற லயங்களில் வாழ்ந்து, வெறுங்காலுடன் தேயிலை மலைகளில் ஏறி இறங்கியோரை இந்நோய் பற்றியதில் வியப்பில்லை. நுவரெலியா போன்ற குளிர்ந்த உயரங்களிற் குடம்பிகளின் வளர்ச்சி குன்றும். எனினும், தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து வந்தோர் நோயை உடலிற் சுமந்து வரக்கூடியவராயிருந்தனர். இரத்தம் குன்றியவரின் தளர்ச்சியைச் சோம்பல் எனப் பிறர் கருதுவதும் எளிதாயிற்று.

1915 இல் றொக்பெல்லர் நிறுவனத்தின் சார்பில் டொக்டர் விக்டர் ஹைசர் இலங்கைக்கு வந்து, அரசினருடனும் தோட்டத்துரைமாருடனும் பேசினார். அடுத்த ஆண்டு மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் வேலை தொடங்கிற்று. நோய் நீங்கிய தொழிலாளி கூடுதலாக உழைப்பான் என்ற வாதமே துரைமாரைப் பெரிதும் கவர்ந்தது.

அக்காலத்து மருந்துகள் இலகுவானவையல்ல. தைமோல் கொடுப்பதற்கு முன்னும் பின்னும் பேதியுப்பு வேண்டும். எண்ணெயும் மதுவும் விலக்கப்படல் வேண்டும். அவை நஞ்சு உடலிற் சேர்வதை மிகுவித்தன. கெனோபோடியம் எண்ணெய் தலைச்சுற்றையும், சிலவேளை செவிட்டுத்தன்மையையும் விளைவித்தது. அளவு மிஞ்சின் உயிருக்கே ஆபத்தானது. இந்நிலையில், அமெரிக்க விலங்கு மருத்துவ ஆய்வாளர் மோரிஸ் ஹோல் 1921 இல் கார்பன் டெட்ராகுளோரைட்டை முன்வைத்தார். நாய்களிற் சோதித்த பின், 3 கன சென்ரிமீற்றரை அவர் தாமே விழுங்கினார். மருந்து மலிவானது, பயனும் மிக்கது. ஆனால் அது ஈரலைத் தாக்குமோ என்ற ஐயம் எஞ்சியது.

அவ்வையத்தைத் தீர்க்கும் முயற்சி இலங்கையிலும் நிகழ்ந்தது. மரணதண்டனை விதிக்கப்பட்ட கைதிகளுக்கு அம்மருந்து கொடுக்கப்பட்டு, தண்டனை நிறைவேறிய பின் அவர்களது உடல் ஆராயப்பட்டது. மூன்று உடற்கூற்றாய்வுகள் பற்றி டொச்சர்ட்டியும் நிக்கல்சும் எழுதிய அறிக்கை 1923 இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளிவந்தது. தம் உடலில் தாமே சோதித்த ஹோலின் துணிவு வேறு. சிறையில் மறுக்கும் வலுவற்றிருந்தோரின் நிலை வேறு. துரையும் கங்காணியும் நிற்கும் பிரட்டுக்களத்திலும் ஒரு தொழிலாளி மருந்தை மறுப்பது எளிதாயிருந்திராது. மனிதர்மீதான சோதனைக்கு அவர்தம் தன்விருப்பிலான இசைவு இன்றியமையாதது என நியூரம்பேர்க் விதிகள் வரையறுத்தது 1947 இலேயே.

ஹோலும் ஷில்லிங்கரும் 1925 இல் முன்வைத்த டெட்ராகுளோரோஎதிலீன் நச்சுத்தன்மை குறைந்தது. காலப்போக்கில் கார்பன் டெட்ராகுளோரைட்டின் இடத்தை அது பிடித்தது. ஆயினும், எந்த மருந்தாலும் மண்ணைத் தூய்மையாக்க இயலவில்லை. குடலிலிருந்து புழுவை நீக்கிய தொழிலாளி, மலசலகூடமற்ற அதே லயத்துக்கே திரும்பினான். அதே மண்ணில் மீண்டும் வெறுங்காலை வைத்தான். மருந்து கொடுப்பதை ஏற்ற தோட்ட நிருவாகங்கள் மலசலகூடங்களுக்கான செலவை ஏற்கத் தயங்கின. இதனால் மருந்து மீண்டும் மீண்டும் தேவைப்பட்டது.

இம்மருந்துகள் பலரின் சோகையைத் தணித்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் எத்தனை புழுக்கள் வெளியேறின, எத்தனை நாள் உழைப்பு மிஞ்சிற்று என்று எண்ணியோர், உடலுக்குரியவரின் சம்மதத்தையும் அவர் வாழ்ந்த இடத்தையும் தம் கணக்கிற் சேர்க்கத் தவறினர். அவ்விரண்டையும் சேர்த்தெழுதும்போதே மலையகத்தின் மருத்துவ வரலாறு முழுமை பெறும்.