அப்பாவின் சட்டை

பெங்களூரில் எந்தத் தெருவில் புது வீடு எழும்பினாலும் மேல்தளத்தில் ஒருத்தர் நின்றுகொண்டிருப்பார். வைக்கோல் உடம்பு, பானைத் தலை, யாரோ உடுத்திக் கழித்த பேன்ட் சட்டை. நமக்குத் திருஷ்டி பொம்மை. இங்கே திருஷ்டி கொம்பே. வயலில் நின்றால் பெதருகொம்பே, அதாவது பயமுறுத்தும் பொம்மை. பதினைந்து வருடம் இந்த ஊரில் குப்பை கொட்டியும் அவரை ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. ராமமூர்த்தி நகரில் எங்கள் வீட்டுக்குக் கான்கிரீட் போட்ட பிறகுதான் பார்த்தேன். அப்பாவின் சட்டை போட்டிருந்தார்!

மேஸ்திரி திருவண்ணாமலைக்காரர். "பழைய பேன்ட்டு சட்டை இருந்தா குடுங்க சார்" என்று கேட்டிருந்தார். வீட்டில் எடுத்துக் கொடுத்த பையில் அதுவும் போயிருக்கிறது. வெள்ளை அரைக்கைச் சட்டை, பாக்கெட்டில் பேனா கசிந்த நீலக் கறை. அப்பா போய் இரண்டு வருடம். தெருமுனையிலிருந்து பார்த்தால் மாடியில் நின்று என் வருகையைப் பார்ப்பது போலவே இருந்தது. வண்டியை ஓரங்கட்டி விட்டேன். தேய்மானம் முழுக்கக் கழிந்த சொத்தை ஏட்டில் ஒரு ரூபாய் என்று எழுதி வைப்பது எங்கள் வழக்கம். அந்த ஒரு ரூபாய்ச் சட்டைக்கு இத்தனை பலமா?

அன்று இரவு தேட ஆரம்பித்தேன். பழைய துணியில் சிலை செய்வதற்கு ஒரு சரித்திரமே இருக்கிறது.

இத்தாலியில் பியெல்லா என்பது கம்பளி ஆலைகளின் ஊர். மைக்கலாஞ்சலோ பிஸ்டொலெட்டோ 1933-ல் அங்கே பிறந்தவர். கண்ணாடி போலப் பளபளக்கும் எஃகுத் தகடுகளில் படம் செய்தார். தகடு துடைத்த கந்தல் குவிந்தது. 1967-ல் அந்தக் குவியலைப் பார்த்தபடி, நமக்கு முதுகு காட்டி, ஒரு வீனஸ் சிலையை நிறுத்தினார். 'கந்தல்களின் வீனஸ்' பிறந்தது. 2023 ஜூலையில் நேபிள்ஸ் நகரச் சதுக்கத்தில் வைத்திருந்த அதன் பெரிய வடிவம் தீயில் எரிந்து போனது. 2024 மார்ச்சில் மறுபடி நிறுத்தினார்கள்.

என்னை உலுக்கியவர் பிரான்சின் கிறிஸ்டியன் போல்டான்ஸ்கி (1944–2021). அவர் அப்பா யூதர். போர்க்காலத்தில் பாரிஸ் வீட்டின் தரைப்பலகைக்கு அடியில் ஒளிந்து உயிர் பிழைத்தவர். மகன் 2010 ஜனவரியில், கடும் குளிரில், பாரிஸின் கிராண்ட் பாலே மண்டபம் முழுக்கப் பழைய துணிகளைப் பாத்தி பாத்தியாக விரித்தார். நடுவே ஒரு துணி மலை. மேலே கிரேன் ஒன்று கைக்கு வந்ததை அள்ளும், பிறகு அப்படியே விட்டுவிடும். பின்னணியில் இதயத் துடிப்புச் சத்தம். தலைப்பு 'பெர்சோன்'. பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு 'ஆட்கள்' என்றும் பொருள், 'யாருமில்லை' என்றும் பொருள். தெருமுனையில் எனக்குத் தோன்றியதும் அதுதான். ஆள் இருக்கிறார், யாருமில்லை.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், நம் பெங்களூரிலேயே ஷீலா கௌடா இருக்கிறார். 1957-ல் பத்ராவதியில் பிறந்தவர். ஓவியத்தில் தொடங்கி சாணம், நூல், குங்குமம் என்று போனவர். 2009 வெனிஸ் கண்காட்சியில் அவர் வைத்தது துணி அல்ல, தலைமுடி. மனித முடியில் திரித்த சுமார் 4,000 மீட்டர் கயிறு, அதில் தொங்கும் கார் பம்பர்கள். கண்ணேறு படாமலிருக்க வண்டி பம்பரில் முடிக்கயிறு கட்டுவதை இங்கே பார்த்திருப்பீர்கள். அங்கேயிருந்து எடுத்ததுதான். உடம்பை விட்டுப் போனது உடம்பைக் காக்கும் என்ற நம்பிக்கை. என் மாடியிலும் அதே கதைதான்.

கிரகப்பிரவேசத்துக்கு இரண்டு நாள் முன்பு அம்மா ஊரிலிருந்து வந்தாள். நான் சொல்லவில்லை. ஆட்டோவிலிருந்து இறங்கியதும் அண்ணாந்து பார்த்தாள், சட்டையைக் கண்டுபிடித்துவிட்டாள். எனக்கு வியர்த்துவிட்டது. மேஸ்திரி பொம்மையை இறக்கினார். "வேலை முடிஞ்சா எரிச்சிடறதும்மா, வழக்கம்" என்றார்.

"ஒரு தடவை எரிச்சது போதும்பா" என்றாள் அம்மா.

வைக்கோலை உதறி, சட்டையைத் தானே துவைத்து, புது மாடியின் முதல் கொடியில் காயப்போட்டாள். கறை போகவில்லை. ஊருக்குத் திரும்பும்போது மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். நான் ஒன்றும் கேட்கவில்லை.

பீரோவைக் காலி செய்யும்போது ஒருமுறை பார்த்துக் கொடுங்கள்.