மண்ணின் நீர்விலக்கமும் பரப்புக் கவர்தலும்

காய்ந்த மண்ணில் விழுந்த நீர் உள்ளே இறங்காமல் முத்துமுத்தாகத் திரண்டு நிற்கும் குணமே நீர்விலக்கம். இலை மெழுகும் மட்கிய சருகின் கொழுப்புப் பொருள்களும் பூஞ்சை இழைகளும் துகள்களின் மேல் படலமாகப் படிவதால் இது நேர்கிறது. மணற்பாங்கான மண்ணில் துகள்களின் மொத்தப் பரப்பு குறைவு. அதை மூடச் சிறிது மெழுகே போதும். களிமண் அவ்வளவு எளிதில் இதற்கு ஆளாவதில்லை.

கலிஃபோர்னியாவில் நனைய மறுத்த ஒரு மண்ணை ஷ்ரைனரும் ஷோரியும் 1910இல் ஆராய்ந்து, அதன் கரிமப் பொருளே காரணம் என்றனர். 1960களில் அதே மாநிலத்தின் தெற்கு மலைகளில் லெனார்ட் டிபேனோ காட்டுத்தீயின் பங்கை விளக்கினார். தீயில் ஆவியாகும் மெழுகுப் பொருள்கள் கீழே குளிர்ந்த அடுக்கில் மீண்டும் படிகின்றன. மண் சுமார் 175 முதல் 200 பாகை செல்சியஸ் வரை சூடாகும்போது நீர்விலக்கம் வலுக்கிறது. 280 பாகையைத் தாண்டினால் படலமே எரிந்துபோகிறது. மேல்மண் நனைந்தும் அடிமண் நனையாததால், தீக்குப் பின் வரும் முதல் மழை சரிவை அரித்துச் செல்கிறது.

இதை அளக்க இரண்டு எளிய வழிகள் உண்டு. ஒன்று, ஒரு துளி நீர் உள்ளிறங்க எடுக்கும் நேரம்: ஐந்து நொடிக்குள் இறங்கினால் மண் நன்றாக நனைவது, ஒரு நிமிடத்தைத் தாண்டினால் விலக்கம் வலுவானது. மற்றொன்று எத்தனால் துளி முறை. 1970இல் வாட்சனும் லெட்டியும் நீர்-எத்தனால் கலவைகளைக் கொண்டு குறியீடுகள் வகுத்தனர். 1981இல் ஆஸ்திரேலியாவில் கிங் என்ற ஆய்வாளர் இம்முறைகளை ஒப்பிட்ட பிறகு, பத்து நொடிக்குள் இறங்கும் கலவைகளில் மிகக் குறைந்த எத்தனால் செறிவே அளவுகோலாகப் பரவியது.

செறிவை மட்டும் நம்புவதில் இடர் உண்டு. 25 பாகையில் தூய நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். எடையில் பத்து சதவீதம் எத்தனால் சேர்ந்ததுமே அது ஏறத்தாழ 48 ஆகிவிடுகிறது. மீதித் தொண்ணூறு சதவீதமும் சேர்ந்து அதை 22க்குத்தான் இறக்குகிறது. எத்தனால் மூலக்கூறுகள் கலவையின் உட்பகுதியைவிட மேற்பரப்பில் அடர்ந்து கூடுவதே காரணம். இந்தப் பரப்புக் கவர்தலுக்கு வில்லார்ட் கிப்ஸ் 1875-78இல் வெளியிட்ட ஆய்வில் சமன்பாடு தந்தார். அதை நேரடியாகச் சோதிப்பது எளிதாக இருக்கவில்லை. 1930களில்தான் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் வேதியியலாளர் ஜேம்ஸ் மெக்பெயின், விரையும் கத்தியால் கரைசலின் மேற்பரப்பை மெல்லிய ஏடாகச் சீவி எடுத்து, அதன் செறிவை நேரடியாக அளந்து உறுதிசெய்தார். பரப்பு வேதியியலின் மிக அழகிய சோதனை இதுவே. இந்தியர்களுக்கு அவர் அந்நியரும் அல்லர்: 1950இல் திறக்கப்பட்ட பூனா தேசிய வேதியியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர் அவர்.

எத்தனால் மண்ணின் மெழுகுப் பரப்பிலும் போய்ச் சேர்கிறது. ஆகவே துளி இறங்குவது மண்ணின் குணத்தை மட்டுமல்ல, சோதிக்கும் நீர்மத்தின் குணத்தையும் காட்டுகிறது. முடிவைச் செறிவோடு நிறுத்தாமல் பரப்பு இழுவிசையாகவும் குறிப்பதே சரி.

நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலை இந்தச் சோதனைக்கு ஏற்ற இடம். சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் மலையாளிப் பழங்குடி மக்கள் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவித்த மேட்டுநிலங்களில் இன்று குச்சிக்கிழங்கு பரவியிருக்கிறது. சில்வர் ஓக் நிழலில் காப்பியும் மிளகும் வளர்கின்றன. செம்மண்ணில் களி மிகுந்த இடங்களில் விலக்கம் மெலிந்தே இருக்கும் என எதிர்பார்க்கலாம். கவனிக்க வேண்டியவை சரளை கலந்த சரிவுகள், சருகு மூடிய மரத்தடிகள், தீப்பட்ட புதர்க்காடுகள். கோடை மழைக்கு முன், மண் நன்றாகக் காய்ந்திருக்கும்போது சோதிக்க வேண்டும். நனைந்த மண்ணில் இக்குணம் மறைந்துவிடும். மேற்பரப்போடு நில்லாமல் சில அங்குலம் தோண்டி ஒவ்வோர் ஆழத்திலும் ஒரு துளி விட்டுப் பாருங்கள். அந்த அளவீடு இல்லாமல் சரிவில் வரப்பும் தடுப்பணையும் திட்டமிடுவது அரைகுறை வேலை.