மந்தையும் நாயும்: தமிழ்ச் சான்றுகள் காட்டும் காவல் மரபு

முன்னுரை

ஆடுமாடு வளர்ப்போர்க்கு நாய் துணையாகவும் அச்சமாகவும் இருந்து வந்துள்ளது. பழக்கப்படாத நாய் பட்டிக்குள் புகுந்தால் ஓரிரவில் பல ஆடுகள் மடியக்கூடும். பழகிய நாயோ அதே பட்டியைக் கள்வரிடமிருந்து காக்கும். நாயின் மூதாதை ஓநாயே என்பதை மரபணு ஆய்வுகள் உறுதிப்படுத்தியுள்ளன. ஆட்டைக் கொன்று தின்னும் இனத்தின் வழிவந்த விலங்கு ஆட்டுக்குக் காவலானது எங்ஙனம்? இவ்வினாவிற்குத் தமிழ்ச் சான்றுகள் எவ்வளவு ஒளி தருகின்றன என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

இலக்கணமும் இலக்கியமும்

தொல்காப்பிய மரபியல் நாய், புலி, நரி ஆகியவற்றின் இளமைப் பெயராகக் குருளை என்பதைச் சுட்டுகிறது. ஆட்டின் இளமைப் பெயரான மறி, மானினங்களுக்கும் உரியதாகிறது. குருளை என்னும் பெயர் பன்றிக்கும் முயலுக்கும் பொருந்துவதால், இதனை ஊனுண்ணும் விலங்குகளின் வகைப்பாடு என நாம் கொள்ள இயலாது. எனினும், நாயும் ஆடும் பெயரளவிலேயே இருவேறு கூட்டங்களில் நிற்பது கருதத்தக்கது.

அகநானூற்றின் 274ஆம் பாடலில், மழை பொழியும் நள்ளிரவில் இடையன் தீக்கடைகோலால் சிறுதீ மூட்டி, கோலூன்றித் தனித்து நிற்கிறான். மறியைக் கவர நோக்கும் குறுநரி அவனது சீழ்க்கையொலி கேட்டு அஞ்சி ஓடுகிறது. இப்பாடலில் நாய் இல்லை. தீயும் கோலும் சீழ்க்கையுமே காவல். சங்கப் பாடல்களில் நாய் பெரும்பாலும் வேட்டுவரோடு தோன்றுகிறது. ஒரு பாடலைக் கொண்டு இடையரிடம் காவல்நாய் இல்லை என முடிவு செய்தல் பொருந்தாது. ஆயினும், மந்தைக்காவலில் நாயின் பங்கை அறியக் கல்வெட்டை நாட வேண்டியுள்ளது.

எடுத்தனூர் நடுகல்

திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில் கிடைத்த நடுகல், முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, அதாவது கி.பி. 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியினது. கருந்தேவகத்தி என்னும் வீரன் தன் எருமைகளைக் காக்கும் பூசலில் உயிர்நீத்தான். கோவிவன் என்னும் நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது. வீரனின் உருவத்தோடு நாயின் உருவமும் அக்கல்லில் செதுக்கப்பட்டுள்ளது.

இதனைக் கருநாடகத்து ஆதகூர்க் கல்வெட்டோடு ஒப்பிடலாம். தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் வீழ்ந்ததைக் கூறும் அக்கல்லே, காளி என்னும் வேட்டைநாய் காட்டுப்பன்றியோடு பொருது மடிந்ததையும் பதிந்துள்ளது. காளி தாக்கிக் கொன்றதற்காகப் போற்றப்பட்டது. கோவிவனோ காத்து நின்றதற்காகப் போற்றப்பட்டது. ஒரே இனத்தின் இருவேறு பயன்களை இவ்விரு கற்களும் தெளிவாகக் காட்டுகின்றன.

பழக்கத்தின் பங்கு

இவ்வேறுபாட்டில் இனத்தோடு வளர்ப்பிற்கும் பெரும்பங்கு உண்டு. நாய்க்குட்டியின் மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழ பன்னிரண்டாம் வாரம் வரையிலான காலமே அதன் உறவுகளை உருவாக்குகிறது என்பதை இசுகாட்டு, புல்லர் ஆகியோர் 1965இல் வெளியிட்ட நூலில் விளக்கினர். அமெரிக்காவில் 1970களில் தொடங்கிய காப்பிங்கர் இணையரின் ஆய்வும் இதனையே வலியுறுத்தியது. குட்டிப் பருவத்திலேயே ஆடுகளிடையே வளரும் நாய் அவற்றைத் தன் கூட்டமாகக் கொள்கிறது. விளையாட்டாகத் துரத்தும் பழக்கத்தைத் தொடக்கத்திலேயே தடுத்தலும், முதிர்ச்சி பெறும்வரை இளமறிகளோடு தனித்துவிடாமையும் இதற்கு இன்றியமையாதன.

கோவிவன் எவ்வாறு வளர்க்கப்பட்டது என்பதை எடுத்தனூர்க் கல் கூறவில்லை. ஆனால் அதற்கொரு பெயர் இருந்தது. அப்பெயர் கல்லில் இடம்பெறும் அளவிற்கு ஊராரால் அறியப்பட்டும் இருந்தது. இது நெடுநாள் உடனுறைவைக் குறிப்பதாகக் கொள்வதில் தவறில்லை.

முடிவுரை

மந்தைக்கும் நாய்க்கும் இடைப்பட்ட நம்பிக்கை இயற்கையாக அமைவதன்று. மனிதர் பொறுமையோடு உருவாக்குவது. மலாயாத் தோட்டப்புறங்களில் ஆடுமாடு வளர்த்த நம் முன்னோரும் இவ்வறிவைக் கையாண்டவர்களே. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் இடம்பெயர்ந்த நிலையில், அவ்வறிவு முதியோரின் நினைவிலேயே எஞ்சியுள்ளது. கோவிவனுக்கு ஒரு கல் வாய்த்தது. தோட்டத்துப் பட்டிகளைக் காத்த நாய்களுக்கு அதுவும் இல்லை. தமிழாசிரியர்கள் தம் மாணவரைக் கொண்டு முதியோரின் வாய்மொழிச் செய்திகளைத் திரட்டுவாராயின், இவ்வரலாற்றின் அடுத்த பகுதியை நாம் எழுத இயலும்.