பாறையும் ஆறும் பள்ளியும்
ஓரிக்கை முதல் உத்திரமேரூர் வரை ஒரு வரலாற்றுப் பார்வை

காஞ்சிமாநகரின் தென்புறத்தில், பாலாற்றங்கரையை ஒட்டி அமைந்த ஊர் ஓரிக்கை. இங்கிருந்து உத்திரமேரூர் நோக்கிச் செல்லும் வழி பாலாற்றைக் கடந்து, ஆர்ப்பாக்கம், மாகறல் ஆகிய ஊர்களின் வழியே செய்யாற்றைத் தாண்டுகிறது. ஒரு காலைப்பொழுதில் கடந்துவிடக்கூடிய இச்சிறு தொலைவில் நிலத்தின் வரலாறும் சமணத்தின் வரலாறும் ஒன்றோடொன்று பிணைந்து கிடக்கின்றன.

இந்நிலப்பகுதியின் அடித்தளம் மிகப் பழமையான கடினப் பாறை. அதன் ஒரு வகைக்குச் 'சார்னோக்கைட்' என்று பெயர். கல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த ஹாலண்ட் என்னும் நிலவியல் அறிஞர், அக்கல் சென்னையை அடுத்த பல்லாவரம் பகுதிப் பாறையை ஒத்திருப்பதைக் கண்டு இப்பெயரைச் சூட்டினார். ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையுடையது இப்பாறை. காஞ்சிக்கு வடகிழக்கே திருப்பெரும்புதூர்ப் பக்கத்தில் இதன்மேல் படிந்த களிப்பாறை அடுக்குகள், பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட செடிகளின் சுவடுகளைத் தாங்கியுள்ளன. இவை அனைத்திற்கும் மேலாகப் பாலாறு கொணர்ந்த வண்டலும் மணலும் பரந்து கிடக்கின்றன.

பாலாறு என்றும் இன்றுள்ள வழியிலேயே ஓடியதன்று. வடக்கே ஓடும் கொற்றலையாற்றிற்கு 'முதிய பாலாறு' எனப் பொருள்படும் 'விருத்தக்ஷீரநதி' என்ற பெயர் வழங்கியது. பாலாறு முற்காலத்தில் வடகிழக்காக ஓடியதன் நினைவாக இப்பெயரை அறிஞர் கருதுவர். அந்தக் கொற்றலையாற்றுப் படுகையில்தான் அத்திரம்பாக்கம் உள்ளது. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த இராபர்ட் புரூஸ் பூட், அவ்வாண்டே அத்திரம்பாக்கத்தையும் கண்டறிந்தார். அங்குள்ள கற்கோடரிகள் 15 இலட்சம் ஆண்டுப் பழமையுடையவை என்பதைப் பிற்கால ஆய்வு காட்டியது.

இத்தொன்மையான நிலத்தில் சமணம் இருவகை இடங்களைத் தேர்ந்துகொண்டது. ஒன்று குன்று, மற்றொன்று ஆற்றங்கரை.

கடும் வெயிலில் விரிந்தும் இரவுக் குளிரில் சுருங்கியும் பாறையின் மேற்பரப்பு காலப்போக்கில் ஏடு ஏடாக உரிகிறது. உருண்ட பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும் இடங்களில் இயற்கையாகவே குகைத்தளங்கள் அமைகின்றன. இல்லறம் நீத்த முனிவர்க்கு அவை உறைவிடங்களாயின. குகையின் நெற்றியில் மழைநீர் உள்ளே வழியாதபடி காடி வெட்டி, தரையில் கற்படுக்கை அமைத்துக் கொடுத்தனர் இல்லறத்தார். ஆர்க்காட்டை அடுத்த பஞ்சபாண்டவ மலையில் நந்திப்போத்தரசரின் 50ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, பொன்னியக்கியார் படிமம் செதுக்கப்பட்டதைக் கூறுகிறது. வள்ளிமலைக் குகைப்பள்ளி கங்க மன்னன் இராசமல்லனின் பெயரைத் தாங்கி நிற்கிறது. போளூரை அடுத்த திருமலையில் நேமிநாதரின் பேருருவம் பாறையிலேயே எழுந்துள்ளது. மலையடியில் குந்தவை ஜினாலயம் உள்ளது.

காஞ்சிச் சமவெளியில் அத்தகைய உயர்ந்த குன்றுகள் இல்லை. எனவே அறவோரும் இல்லறத்தாரும் ஆற்றங்கரையில் கூடினர். வேகவதிக் கரையில் உள்ள திருப்பருத்திக்குன்றம் ஜினகாஞ்சி எனப் பெயர் பெற்றது. பல்லவ மன்னன் சிம்மவர்மன் காலத்துக் கொடையைக் கூறும் பள்ளன்கோயில் செப்பேடு, பருத்திக்குன்றைச் சேர்ந்த வச்சிரநந்தி என்னும் ஆசிரியர்க்கு ஊர் அளிக்கப்பட்டதைத் தெரிவிக்கிறது.

அங்குள்ள இரு கோயில்களையும் கல்லின் கண்கொண்டு பார்த்தல் தகும். சந்திரப்பிரபர் கோயில் பல்லவர் மரபில் மணற்கல்லால் எழுந்தது. மணற்கல் உளிக்கு எளிதில் இணங்கும். ஆனால் மழைக்கும் காற்றுக்கும் அவ்வாறே இணங்கித் தேயும். காஞ்சிக் கைலாசநாதர் கோயிற் சிற்பங்களும் இதே காரணத்தாலேயே தேய்ந்தன. திரைலோக்கியநாதர் கோயிலிலோ, விசயநகர அமைச்சரும் படைத்தலைவருமான இருகப்பர், தம் ஆசிரியர் புஷ்பசேனரின் விருப்பப்படி 1387-88இல் சங்கீத மண்டபத்தை எழுப்பினார். அதன் விதானத்தில் ஆதிநாதர், நேமிநாதர், வர்த்தமானர் ஆகியோரின் வரலாறுகள் வண்ண ஓவியங்களாகத் தீட்டப்பட்டன. கல் நிலைத்து நிற்கும். அதன்மேல் பூசிய சுண்ணமும் வண்ணமும் ஈரத்தால் உதிரும். ஆகவே ஓவியத்தைக் காக்க விழைவோர் முதலில் கூரையின் ஒழுக்கையே காத்தல் வேண்டும்.

பாலாற்றைக் கடந்தால் ஆர்ப்பாக்கத்தில் ஆதிநாதர் ஜினாலயம் உள்ளது. இவ்வூரும் மாகறலும் பாலாற்றிற்கும் செய்யாற்றிற்கும் இடைப்பட்ட வளமான வண்டல் நிலத்தில் அமைந்தவை. மேலே மணல் வறண்டு கிடக்கும் காலத்திலும் அடியில் நீர் தங்கும் இயல்புடையது பாலாறு. ஆற்றுப்படுகையில் ஊற்றுக்கால் தோண்டி அந்நீரை வயலுக்குக் கொணர்ந்தனர் முன்னோர். உழவு தழைத்த இடத்தில் குடிகள் தழைத்தனர்; குடிகள் தழைத்த இடத்தில் ஜினாலயம் நிலைத்தது. பள்ளிக்கு விடப்பட்ட நிலம் 'பள்ளிச்சந்தம்' எனப்பட்டது. அதன் விளைவே விளக்கிற்கும் அறவோர் உணவிற்கும் ஆதாரமாயிற்று.

உத்திரமேரூரை அடைந்தால் மண் மாறுகிறது. ஆற்று மணல் குறைந்து, கடினப் பாறை நிலத்தடிக்கு அருகே வருகிறது. பாறை நிலம் மழைநீரை மிகுதியாக உள்வாங்காது; அதனைத் தேக்கியே ஆளுதல் வேண்டும். ஏரிகள் பெருகியதன் காரணம் இதுவே. 919, 921 ஆகிய ஆண்டுகளுக்குரிய முதற் பராந்தகன் கல்வெட்டுகள், குடவோலை முறையில் ஏரி வாரியத்தினரைத் தேர்ந்தெடுத்த ஒழுங்கை விரித்துரைக்கின்றன.

ஆயிரம் ஆண்டுகள் காத்தவை இன்று விரைந்து தேய்கின்றன. பாலாற்று மணல் அள்ளப்பட்டதால் ஊற்றுக்கால்கள் வறண்டன. கோடிக்கணக்கான ஆண்டுகளில் உருவான குன்று, வெடிமருந்தால் சில ஆண்டுகளில் ஜல்லியாகிறது. கற்படுக்கையோ கல்வெட்டோ உள்ள குன்று அவ்வாறு உடைந்தால் அதனை மீண்டும் ஆக்குவார் எவருமிலர். ஊரைவிட்டுக் குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தமையால், சிற்றூர் ஜினாலயங்கள் பலவற்றில் நாள்தோறும் விளக்கேற்றுவதே அருமையாகிவிட்டது.

நிலமும் நீரும் உயிருடையவை என்பது ஜின நெறி. மண்ணுடல் உயிர், நீருடல் உயிர் எனப் பகுத்துரைத்த ஆகமத்தின் வழிவந்தோர்க்குக் குன்றையும் ஆற்றையும் காத்தல் அகிம்சையின் ஒரு பகுதியேயாகும். திருவிழாவிற்குச் சொந்த ஊர் வரும் குடும்பத்தினர் ஒரு நாளை ஒதுக்கி, இளையோரை ஓரிக்கைப் பாலாற்றங்கரைக்கும், பருத்திக்குன்றத்திற்கும், ஆர்ப்பாக்கத்திற்கும் அழைத்துச் செல்வார்களாக. தம் முன்னோர் எந்தக் கல்லில் தங்கி, எந்த நீரால் வாழ்ந்தனர் என்பதைக் கண்ணாற் கண்ட பிள்ளைகள், அவற்றைக் காக்கும் கடமையையும் தாமே உணர்வர்.

அறம் வளர்க! ஜின நெறி ஓங்குக!