வேலிக்கு இப்பால் ஓர் அரசி

1976 ஜூலை 17 அன்று மான்ட்ரியல் ஒலிம்பிக் விளையாட்டுகளைக் கனடாவின் அரசி என்ற முறையில் இரண்டாம் எலிசபெத் தொடங்கிவைத்தார். உலகத் தலைவர் ஒருவர் ஆற்றும் வழக்கமான சடங்கு அது. ஆனால் அடுத்த வாரம், கியூபெக் மாகாணத்தின் புரோமான்ட் என்னும் சிற்றூரில் நடந்த குதிரையேற்றப் போட்டிக்குக் குடும்பத்தோடு வந்தபோது, அவர் ஒரு போட்டியாளரின் தாய் மட்டுமே. பிரிட்டன் அணியில் அவருடைய மகள் ஆன் இடம்பெற்றிருந்தார். வயது 25. அவர் ஏறிய குட்வில் என்ற குதிரை அரசிக்குச் சொந்தமானது.

மகளின் தகுதி குறித்து ஐயம் எழ இடமில்லை. 1971-இல் பர்லியில் நடந்த ஐரோப்பிய வாகையர் போட்டியில், அரசியின் இலாயத்தில் பிறந்து வளர்ந்த டப்லெட் என்ற குதிரையில் ஆன் தனிநபர் பட்டம் வென்றிருந்தார். அவ்வாண்டின் சிறந்த விளையாட்டாளராகப் பிபிசி நேயர்கள் அவரையே தேர்ந்தெடுத்தனர். 1975-இல் அதே ஐரோப்பியப் போட்டியில் குட்வில்லோடு வெள்ளி வென்றார்.

ஆன் கலந்துகொண்டது மூன்றுநாள் போட்டி எனப்படும் ஈவென்டிங். படைக்குதிரையின் தகுதியைச் சோதிக்கப் பிறந்த விளையாட்டு இது. அணிவகுப்பில் அது பணிகிறதா என்பதை முதலில் டிரெஸ்ஸாஜ் காட்டும். காடு மேடு பள்ளம் நீர்நிலை கடந்து ஓடுமா என்பதை இரண்டாவதான கிராஸ் கன்ட்ரி காட்டும். மறுநாளும் தாவும் வலு எஞ்சியிருக்கிறதா என்பதை மூன்றாவதான ஷோ ஜம்பிங் காட்டும். இவற்றுள் இரண்டாவதே உயிருக்கு ஆபத்தானது. அங்குள்ள தடைகள் குளம்பு பட்டால் விழும் கம்பிகள் அல்ல, அசையாத மரக்கட்டைகள். தடை அசையாவிட்டால் விழுவது குதிரையும் அதன்மேல் இருப்பவரும்தான்.

படையிலிருந்து வந்த விளையாட்டு என்பதால் இதன் வாயிலிலும் படையே காவல் நின்றது. 1912-இல் ஸ்டாக்ஹோமில் ஒலிம்பிக் ஈவென்டிங் தொடங்கியபோது இராணுவ அதிகாரிகளுக்கு மட்டுமே இடமிருந்தது. பெண்களுக்கு டிரெஸ்ஸாஜ் 1952-இலும், ஷோ ஜம்பிங் 1956-இலும் திறக்கப்பட்டன. டிரெஸ்ஸாஜ் திறந்த அவ்வாண்டே, இளம்பிள்ளை வாதத்தால் கால்களின் இயக்கம் குன்றிய டென்மார்க்கின் லிஸ் ஹார்டெல் வெள்ளி வென்று காட்டினார். எனினும் ஈவென்டிங் மேலும் 12 ஆண்டுகள் மூடியே இருந்தது. பெண்ணுடல் அதைத் தாங்காது என்ற கருத்தே பூட்டாக இருந்தது. 1964-இல் டோக்கியோவில் அமெரிக்காவின் லானா டுபான்ட் முதல் பெண்ணாகக் களமிறங்கினார். குதிரையோடு இருமுறை விழுந்தார், இருமுறையும் எழுந்து ஓட்டத்தை முடித்தார். அவர் அணி வெள்ளி பெற்றது. சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் தலைவராக ஆனின் தந்தை பிலிப் பொறுப்பேற்றதும் அதே ஆண்டில்தான்.

டுபான்ட் திறந்த அந்த வழியில்தான் 12 ஆண்டுகள் கழித்து ஓர் அரசியின் மகள் புரோமான்ட் வந்து சேர்ந்தார், அவரும் விழுந்தார். கிராஸ் கன்ட்ரியின் நடுவே குட்வில் தடுமாற, ஆன் தரையில் வீழ்ந்தார். தலையில் அடிபட்டது. மீண்டும் ஏறி எஞ்சிய தடைகளைத் தாண்டி முடித்தார். அந்த எஞ்சிய ஓட்டம் தன் நினைவில் இல்லை என்பதைப் பின்னாளில் அவரே கூறியிருக்கிறார். இறுதியில் அவருக்குக் கிடைத்தது 24ஆம் இடம். அணிக்குப் பதக்கமில்லை.

அன்று துணிவு எனப் போற்றப்பட்டதை இன்றைய விதி அனுமதிக்காது. கிராஸ் கன்ட்ரியில் குதிரையிலிருந்து விழுபவர் அந்த இடத்திலேயே போட்டியிலிருந்து நீக்கப்படுகிறார். எத்தனையோ விபத்துகள் கற்பித்த பாடம் அது. நினைவு தப்பிய நிலையில் ஒரு மகள் தடைகளை நோக்கிக் குதிரையை விரட்ட, அவளைப் பெற்றவர் வேலிக்கு வெளியே நிற்கும் காட்சியை வீரக்கதையாக மட்டும் வாசிப்பது எளிது. ஆனால் பெற்றோரின் பெருமிதத்துக்கு அடியில் எப்போதும் அச்சம் ஒன்று படிந்திருக்கிறது. அதை விதியாக மாற்றிக்கொள்ள இந்த விளையாட்டுக்குப் பல்லாண்டுகள் பிடித்தன.

அரச குடும்பத்துக்குக் குதிரை எளிதில் வாய்த்தது என்பது உண்மை. உயர்ந்த குதிரை, இலாயம், பயிற்சியாளர், பயணம் ஆகியவற்றுக்கான செலவு சாமானியர் வீட்டுப் பெண்ணை இன்றும் வாயிலிலேயே நிறுத்துகிறது. சட்டம் திறந்த கதவைப் பணம் பாதி சாத்தியே வைத்திருக்கிறது. ஆயினும் சேணத்தில் அமர்ந்தபின் செல்வாக்கு உதவுவதில்லை. சவாரி செய்பவரின் குலம் குதிரைக்குத் தெரியாது.

1986-இல் தந்தை விட்ட கூட்டமைப்புத் தலைமையை ஆன் ஏற்று, 1994 வரை வகித்தார். வேலிக்கு இப்பால் நிற்கும் முறையும் அவருக்கு வந்தது. அவருடைய மகள் சாரா 2006-இல் ஆகனில் உலகப் பட்டம் வென்றார். தாய் 1971-இல் பெற்ற பிபிசி விருது அவ்வாண்டு மகளுக்குக் கிடைத்தது. ஆனால் சாராவின் குதிரை டாய்டவுன் காயமுற்றதால் 2004, 2008 ஒலிம்பிக் வாய்ப்புகள் இரண்டும் கைநழுவின.

2012 ஜூலை 31 அன்று இலண்டனின் கிரீனிச் பூங்காவில், ஹை கிங்டம் என்ற குதிரையில் ஏறிய சாராவும் அவர் அணியினரும் ஜெர்மனிக்கு அடுத்ததாக வெள்ளி வென்றனர். பதக்கம் அணிவிக்க வந்தவர் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் உறுப்பினரான ஆன். 36 ஆண்டுகளுக்கு முன் புரோமான்ட் மண்ணிலிருந்து வெறுங்கையோடு திரும்பியவர், தன் 31 வயது மகள் குனிந்து நிற்க, அவள் கழுத்தில் அந்த வெள்ளியை அணிவித்தார்.